வெறுங்காலில் வென்ற கேடயம்



கோவில்பட்டி என்றாலே ஹாக்கிதான். அதனால் கால்பந்துக் கதையை நம்ம பக்கம் யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நம்மவர்களில் அதை முதலில் ஆடியது யார் தெரியுமா? நம்மை மாதிரிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்! 1877-ல் கல்கத்தா ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரியும் நண்பர்களும் காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினார்களாம். பார்த்தால் அது ரக்பி பந்து! பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பவர்தான் சரியான பந்து கொடுத்து, ஆடவும் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். பிறகு கல்லூரிகளிலும் ஆட்டம் பரவியது. 1889-ல் மோகன் பகான் கிளப் தொடங்கியது.

இனி 1911-க்கு வருவோம். அந்த வருஷம் ஜூன் 17-ல் நம்ம பக்கத்து மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். நாடே கொதித்துக் கிடந்த நேரம். அடுத்த மாதம் கல்கத்தாவில் ஐ.எப்.ஏ. கேடயப் போட்டி. மோகன் பகான் ஆடிய ஆட்டங்களைப் பாருங்கள்:

செயின்ட் சேவியர் கல்லூரி: 3-0
ரேஞ்சர்ஸ்: 2-1
ரைபிள் பிரிகேட்: 1-0
மிடில்செக்ஸ்: 1-1, மறு ஆட்டம் 3-0
இறுதி ஆட்டம் (ஜூலை 29), கிழக்கு யார்க்‌ஷயர் படை: 2-1

கடைசி மூன்றும் பட்டாளத்து அணிகள். எல்லாரும் பூட்ஸ் போட்டவர்கள். மோகன் பகானில் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! கல்லூரி ஆசிரியரான சுதிர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் போட்டிருந்தார். இறுதி ஆட்டத்தில் முதல் கோல் வெள்ளைக்காரர்களுக்கு. பிறகு தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் கேடயம் நம்ம கைக்கு வந்தது. தூரத்தில் நின்ற கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைக் காட்டினார்களாம்.

அப்படியானால் வெறுங்கால்தான் நல்லதா? இல்லை. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து சொன்னபடி கேட்கும், வேகமாகவும் ஓடலாம். மழை பெய்தால் கதையே வேறு. நம்ம கரிசல் மண்ணில் ஆடுகிற நமக்கு இதைச் சொல்லவா வேணும்? வழுக்கும், சேறு காலோடு அப்பிக்கிட்டு வரும். அந்தக் காலத்துத் தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கல் மாதிரி கனக்கும். பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்கள் தரையைப் பிடிக்கும், மேல்தோல் மிதியிலிருந்து காலைக் காக்கும்.

1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்ம ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். பிரான்சிடம் 2-1 என்று தோற்றாலும் உலகம் பாராட்டியது. நம்ம கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952-ல் குளிர்ந்த ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். அதன் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயம் ஆனது. இன்றைய விதிப்படியும் காலில் ஷூ இல்லாமல் போட்டியில் இறங்க முடியாது.

எங்க வகுப்பிலேயே நன்றாக ஆடுகிற ஒருத்தன் "எங்கிட்ட ஷூ இல்லப்பா"ன்னு சொல்லி அணிக்குப் பேர் கொடுக்கவே இல்லை. ஷூ விலைக்கு வாங்குகிற பொருள். ஆட்டம் அப்படி இல்லையே! உங்களுக்குச் சின்னதாகிப்போன ஷூ வீட்டில் சும்மா கிடந்தால் பி.டி. சாரிடம் கொடுங்கள். பத்து ஜோடி சேர்ந்தால் போதும், யார் அணிக்குத் தேர்வானாலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கலாம். ஷூ இல்லாதவர்களும் தயங்காமல் பேர் கொடுங்கள். அன்றைக்குக் காசு சேர்த்துப் பந்து வாங்கியதும் நம்ம வயசுப் பிள்ளைகள்தானே!

— 9-ஆம் வகுப்பு மாணவன்