வாடகை அறையில் ரகசிய கேமரா: எங்கே தேடுவது, கிடைத்தால் என்ன செய்வது?

சுங்கை வே தாராள வர்த்தக மண்டலத் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து, தோட்டப்புறங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வரும் இளையோர் முதலில் தேடுவது ஒரு வாடகை அறையைத்தான். ஸ்ரீ செத்தியா, டேசா மெந்தாரி பக்கம் ஒரே வீட்டை நான்கைந்து பேர் பங்கிட்டுக்கொள்வது சாதாரணம். அறைக்குத் தனிப் பூட்டு இருக்கும். குளியலறை எல்லாருக்கும் பொது. வீட்டுச் சாவி ஒன்று உரிமையாளரிடம் இருக்கும். முன்பு குடியிருந்தவரிடமும் ஒன்று இருக்கலாம். விரல் நுனி அளவுள்ள கேமராக்கள் இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும் காலம் இது. ஆகவே பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பும் பெற்றோர் கவலைப்படுவதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

தென்கொரியாவில் 2019 மார்ச்சில் வெளிவந்த சம்பவம் உலகையே உலுக்கியது. 10 நகரங்களில் 30 விடுதிகளின் 42 அறைகளில் கேமரா பொருத்தி, சுமார் 1,600 பேரைப் படம்பிடித்து இணையத்தில் நேரலையாக விட்டிருந்தார்கள். கேமராக்கள் இருந்த இடங்கள்தாம் கவனிக்க வேண்டியவை: தொலைக்காட்சிப் பெட்டி, சுவரில் உள்ள பிளக் பாயிண்ட், தலைமுடி உலர்த்தியை மாட்டும் தாங்கி. மூன்றுமே அறையில் இருப்பது இயல்பு என்று நாம் நினைக்கும் பொருள்கள்.

தேடும்போது இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்தால் வேலை பாதியாகக் குறையும். கேமரா எதையாவது பார்த்தாக வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும். கட்டில் மீது உட்கார்ந்து, உடை மாற்றும் இடத்தில் நின்று, குளியலறையில் ஷவருக்குக் கீழே நின்று, அங்கிருந்து கண்ணுக்கு நேராகத் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிறிய பேட்டரி சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. அதனால் நீண்ட நாள் இயங்கும் கேமரா பெரும்பாலும் மின்சாரம் உள்ள பொருளுக்குள்தான் இருக்கும்: கைப்பேசி சார்ஜர், கடிகாரம், புகை உணர்கருவி, சுடுநீர்ப் பெட்டி, காற்றுவெளியேற்றும் விசிறி. யாரும் பயன்படுத்தாமல் சுவரில் செருகியே கிடக்கும் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து, விளக்கை அணைத்து, திரைச்சீலையை மூடி, கைவிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக ஒளியை நகர்த்த வேண்டும. லென்ஸ் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒளி பட்டால் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னும். அவசரப்பட்டால் தப்பிவிடும்; ஒரே இடத்தை இரண்டு மூன்று கோணத்தில் பார்ப்பது நல்லது. இருட்டிலும் படம்பிடிக்கும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசும். அது வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பல கைப்பேசிகளின் முன்பக்கக் கேமராவில் வெள்ளை அல்லது ஊதாப் புள்ளியாகத் தெரியும். முதலில் தொலைக்காட்சி ரிமோட்டைக் கைப்பேசியின் முன் அழுத்திப் பாருங்கள். ரிமோட்டின் ஒளி தெரிந்தால் அந்தக் கைப்பேசி இதற்கு உதவும்.

வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் செயலிகளும் உண்டு. அவற்றை மட்டும் நம்பக் கூடாது. நினைவட்டையில் பதிவு செய்யும் கேமராவும், தனி சிம் அட்டையில் இயங்கும் கேமராவும் அந்தப் பட்டியலில் வராது. கண்ணாடியில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லிப் புலனத்தில் சுற்றும் யோசனையும் நம்பத்தக்கதல்ல.

கேமரா ஒன்று கிடைத்துவிட்டால் பிடுங்கி எடுக்கத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. அதில் கைரேகை இருக்கலாம். உள்ளே உள்ள நினைவட்டைதான் முக்கிய ஆதாரம். இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியேறி, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். உரிமையாளரிடமோ உடன் தங்கியிருப்பவரிடமோ முதலில் போய்ச் சண்டை போட்டால், போலீஸ் வருவதற்குள் ஆதாரம் மறைந்துவிடும். முகநூலில் போடுவதும் அப்படித்தான்.

தண்டனைச் சட்டத்தின் 509ஆவது பிரிவு, ஒருவரின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் நோக்கில் அவரது அந்தரங்கத்தில் நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஐந்தாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இது பெண்களுக்கு மட்டும் உரிய பிரிவு அல்ல, ஆண்களும் இதன்கீழ் புகார் செய்யலாம். ஆபாசமான படங்களை இணையத்தில் பரப்பினால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவும் பாயும். சிறுவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

ஒளித்து வைக்காத மறைக்காணியும் சில வேளை தொல்லைதான். ஜொகூர் பாருவில், பக்கத்து வீட்டுக்காரரின் மறைக்காணி தங்கள் வீட்டையே நோக்கியிருக்கிறது என்று ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில், 2009இல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கமே நின்றது. திருடனுக்காக வைப்பவர்கள் தங்கள் வாசலை நோக்கி வைத்தால் போதுமே.

ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் தங்குமிடங்களின் உட்புறத்தில் கேமராவை முற்றாகத் தடை செய்துவிட்டது. மாத வாடகை அறைக்கு அப்படி ஒரு விதியை யாரும் எழுதித் தருவதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, வீட்டில் எங்கெங்கு மறைக்காணி இருக்கிறது, பதிவை யார் பார்க்கிறார்கள், அறைப் பூட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு, பதிலை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.