உள்ளங்கையில் ஒரு போர் விமானம்... டை காஸ்ட் மாடல் சேகரிப்பை எப்படித் தொடங்குவது?

சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தவர்கள், தாம்பரம் நெருங்கும்போது தலையைச் சற்று உயர்த்தி வானத்தைப் பார்ப்பது வழக்கம். விமானப்படையின் பயிற்சி விமானம் ஏதாவது வட்டமடித்துக்கொண்டிருக்கும். விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி, 1954 முதல் தாம்பரத்தில்தான் இயங்கிவருகிறது.

அங்கிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த, பணியிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்கள்தான் மாணவர் அப்துல் கலாமை வானூர்திப் பொறியியல் பக்கம் இழுத்தன. பின்னர் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 9-வதாக வந்தார். எடுத்ததோ 8 பேரைத்தான்! ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் இவற்றை அவரே பதிவுசெய்திருக்கிறார்.

நிஜ விமானத்தை வீட்டில் நிறுத்த முடியாது. அதன் துல்லியமான சிறு வடிவத்தை அலமாரியில் வைக்கலாம். அதுதான் டை காஸ்ட் மாடல்.

டை காஸ்ட் என்றால்..?

உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அதிக அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பதே டை காஸ்டிங். சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர் வட்டாரத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கார் பாகங்களுக்கு அலுமினியம் அதிகம் பயன்படும்; மாடல்களுக்குத் துத்தநாகக் கலவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். நீங்களே ஒட்டி, வண்ணம் பூச வேண்டிய பிளாஸ்டிக் கிட் போல அல்ல. படைப்பிரிவின் சின்னம், வால் எண் வரை அச்சிடப்பட்டு, தயாராகவே பெட்டியில் வரும்.

முதலில் அளவு!

பெட்டியில் 1:72 என்று இருந்தால், நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு என்று அர்த்தம். அதாவது, 6 அடி நீளம் 1 அங்குலமாகச் சுருங்கும். 13.2 மீட்டர் நீளமுள்ள தேஜஸ், இந்த அளவில் சுமார் 18 செ.மீ. சுமார் 22 மீட்டர் நீளமுள்ள சுகோய் 30 எம்.கே.ஐ, 30 செ.மீ வரும். நான்கு சுகோய் வாங்கினால் ஒரு தட்டு நிறைந்துவிடும். இடம் குறைவு என்றால் 1:144 போதும், நீளம் பாதியாகிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசிவரை ஒரே அளவில் சேகரிப்பது நல்லது. அப்போதுதான் எது பெரிய விமானம், எது சிறியது என்பது பார்த்தவுடனே புரியும்.

எதை வாங்குவது?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பர்ஸ் காலியாகும், சேகரிப்பும் உருப்பெறாது. ஒரு கருவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் நிற்கும் விமானங்கள். 2018 முதல் சூலூரில் இருக்கும் 45-வது படைப்பிரிவின் தேஜஸ், 2020-ல் தஞ்சாவூருக்கு வந்த 222-வது படைப்பிரிவின் சுகோய் என்று தொடங்கலாம். வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ விமானப்படையில் இருந்திருந்தால், அவர் பணியாற்றிய பிரிவின் விமானத்தைத் தேடலாம். எல்லா இந்திய விமானங்களும் டை காஸ்ட்டில் கிடைப்பதில்லை. தேடுவதும் இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பகுதிதான்.

செலவு எவ்வளவு?

ஹாபி மாஸ்டர், கோர்கி போன்றவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். 1:72 அளவிலான பெரிய ஜெட் மாடல்கள் வெளிநாட்டுக் கடைகளிலேயே 100 டாலரைத் தாண்டுகின்றன. அத்துடன், 2023 மத்திய பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 60-லிருந்து 70 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. சுங்க வகைப்பாட்டில் மாடல்களும் பொம்மைகளோடுதான் வருகின்றன. எனவே விலையைப் பார்த்து மயங்காமல், வரி, அஞ்சல் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஆர்டர் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று வரம்பு வைத்துக்கொண்டால் மாத பட்ஜெட் இடிக்காது.

பழைய மாடல் வாங்கினால் உடலில் விரிசல், வீக்கம் உண்டா என்று பாருங்கள். வார்ப்பில் ஈயம் போன்ற கசடு கலந்திருந்தால், உலோகம் உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

பாதுகாப்பது எப்படி?

* கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில், நேரடி வெயில் படாமல் வையுங்கள்.
* கடலோர ஈரப்பதத்துக்கு, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள்.
* தூசு தட்ட மென்மையான மேக்கப் பிரஷ் போதும். தின்னர், ஸ்பிரிட் பட்டால் வண்ணம் போய்விடும்.
* வாலையோ மூக்கையோ பிடித்துத் தூக்காதீர்கள். நடு உடலைப் பிடியுங்கள்.
* பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு.
* ஏவுகணை, சக்கரம் எல்லாம் கழன்று வரும் சிறு பாகங்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரம் அவசியம்.

ஒரு அட்டை எழுதுங்கள்

ஒவ்வொரு விமானத்துக்கும் அருகில் ஒரு சிறு அட்டை வையுங்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, என்ன செய்தது என்று நான்கு வரி போதும்.

மிக் 21-ஐ எடுத்துக்கொள்வோம். 1963-ல் வந்து, 62 ஆண்டுகள் பறந்து, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. 1971 போரில் பெயர் வாங்கிய விமானம். அதற்கு ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பட்டமும் உண்டு. இந்தியா வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேல் விபத்தில் சிக்கின, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பொதுமக்களும் 39 பேர்.

அட்டையில் வெற்றியோடு இந்த எண்களையும் எழுதுங்கள். ‘இது என்ன விமானம்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, அதை ஓட்டியவர்களைப் பற்றியும் சொல்ல முடியும்.