புது ஆட்டைப் பட்டியில் சேர்க்கும் முன்

மேச்சேரி, ஓமலூர் பக்கம் சந்தையில் சேலம் கருப்பு ஆடு வாங்கினால், அன்னைக்கே பட்டியில் அடைச்சிடுறோம். ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருது. நோய் தொற்றிய ஆடு முதல் சில நாள் நல்லாத்தான் மேயும்; அப்புறம்தான் காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் தெரியும். அதுக்குள்ள பட்டிக்கே பரவிடும்.

அதனால் 21 நாள் தனியே கட்டுங்க. தண்ணித் தொட்டியும் தனி. பழைய ஆடுகளைக் கவனிச்ச பிறகே புதுசுகிட்ட போங்க. கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி முடிச்சிடுங்க.

பிறகு சில நாள் படலுக்கு அந்தப் பக்கம் கட்டி, ஒன்றையொன்று பார்த்து முகர விடுங்க. சேர்க்கும்போது இரண்டு மூன்றாச் சேருங்க. ஒத்தை ஆட்டை எல்லாமே முட்டும். அகத்தி, கிளுவைத் தழையை நாலு இடத்தில் பிரிச்சுக் கட்டினால் சண்டை குறையும். கொஞ்ச நாள் முட்டிக்கிறது இயல்பு. காயம் பட்டால் பிரிச்சிடுங்க. நிறைசினை ஆட்டை இந்த முட்டலில் விடாதீங்க, குட்டி வீசிடும்.