மாண்ட்ரியல் டூ சென்னை: ஒரு கணக்கு

"கனடாவுக்கு பிளேன்ல எத்தனை மணி நேரம்பா?" ஊருக்குப் போன் பண்ணினா யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேட்கிற கேள்வி. பதில்தான் ஆளுக்கு ஒண்ணு. சரி, உக்காந்து கணக்குப் போட்டுருவோம்னு போட்டாச்சு மக்களே.

முதல்ல தூரம். மாண்ட்ரியல் ட்ரூடோ விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குக் குறுக்கு வழியில சுமார் 13,000 கி.மீ. பூமியில எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 20,000 கி.மீ.தான் அதிகபட்சம்னா பார்த்துக்கோங்க.

சுவர்ல தொங்கற மேப்பை நம்பாதீங்க. உலக உருண்டையில ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலை இழுத்துப் பிடிச்சா, அது வடக்கே ஏறி கிரீன்லாந்து, நார்வே, ரஷ்யா, கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான், ராஜஸ்தான்னு வந்து நம்மூருக்கு இறங்குது!

மணிக்கு 900 கி.மீ.ன்னு வெச்சா பதினாலரை மணி நேரம். ஆனா நேர் விமானம் கிடையாது. இயந்திரத்தால முடியாதுன்னு இல்லை. சிங்கப்பூர் - நியூயார்க் 15,300 கி.மீ. நிக்காமப் பறக்கறாங்க. சீட்டை நிரப்ப ஆள் வேணுமே! மாண்ட்ரியல் - டெல்லி நேர் விமானத்தையே ஏர் கனடா 2021 அக்டோபர் கடைசியிலதான் ஆரம்பிச்சது. 2022 பிப்ரவரியில ரஷ்யா தன் வான்வெளியைக் கனடா விமானங்களுக்கு மூட, நூல் போட்ட வழியும் அடைபட்டுப் போச்சு.

ஆக, மாறித்தான் போகணும். லண்டன் வழியா 5,200 + 8,200 = 13,400 கி.மீ. தோஹா வழியா 10,400 + 3,300 = 13,700. சுத்துன்னு நினைச்சது பெரிய சுத்தே இல்லை. பறக்கிறது 17 மணி நேரம், மிச்சமெல்லாம் காத்திருப்பு.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாதீங்க. வெள்ளி ராத்திரி 8 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 4 மணிக்கு இறங்கினா 32 மணி நேரம் மாதிரி தெரியும். கோடையில ஒன்பதரை மணி வித்தியாசத்தைக் கழிச்சா இருபத்திரண்டரைதான். குளிர்காலத்துல பத்தரையைக் கழிக்கணும்.

இவ்வளவு கணக்கு எதுக்கு? இங்க இருக்கிற எல்லார் மனசுலயும் ஓடற கணக்குதான். நடுராத்திரி ஒரு போன் வந்தா, எப்ப போய்ச் சேருவோம்? டிக்கெட் எடுத்துக் கிளம்ப அரை நாள், விமானம் ஒரு நாள், சென்னையிலிருந்து தென்காசிக்குப் பொதிகையில ஒரு ராத்திரி. ஐஸ் பொட்டி வெச்சாலும் எங்க ஊர்ல மறுநாள் சாயங்காலத்துக்கு மேல பெரியவங்க விட மாட்டாங்க, எடுத்துடுவாங்க.

அப்புறம்தான் உறைச்சது. தென்காசிக்காரன் சென்னைக்கு ஏன் போகணும்? தோஹாவிலிருந்து திருவனந்தபுரம் போயிட்டா, செங்கோட்டை வழியா மூணு மணி நேரக் கார் பயணம். ஒரு ராத்திரி மிச்சம். முகம் பார்க்கிறதும் பார்க்காததும் அந்த ஒரு ராத்திரியிலதான் இருக்கு. நீங்களும் உங்க ஊருக்குப் பக்கத்து ஏர்போர்ட் எதுன்னு இப்பவே பார்த்து வெச்சுக்கோங்க. விசா தேதியையும் பாருங்க. ஸ்டடி பெர்மிட் மட்டும் இருந்தா திரும்பி வர முடியாது. தாத்தாவுக்கு 80 தாண்டினதிலிருந்து பாஸ்போர்ட், பெர்மிட் எல்லாம் ஒரே கவர்ல, என் மேசை டிராயர்ல இருக்கு.

டிஸ்கி: உலக விமானப் போக்குவரத்துக்கு விதிமுறை எழுதற ஐ.நா. அமைப்பான ஐக்காவோவின் தலைமையகம் இருக்கிறது இதே மாண்ட்ரியல்லதான். அவங்களுக்கும் சென்னைக்கு நேர் விமானம் இல்லை :-)