அவார்டு வாங்கலையோ... அவார்டு!

வாழப்பாடிக்காரன் 'காங்கிரஸ்' என்று ஆரம்பித்தாலே வாழப்பாடி ராமமூர்த்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறான் என்று நினைப்பீர்கள். இது வேறே காங்கிரஸ், ஸார். ஸைன்ஸ் காங்கிரஸ்!

சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் கெமிஸ்ட்ரி புரொபஸராக இருந்த ஸைமன்ஸனும், லக்னோ கானிங் காலேஜின் மக்மஹோனும் சேர்ந்து ஆரம்பித்து வைத்த விஷயம். 1914-ல் கல்கத்தாவில் முதல் மாநாடு. வந்தவர்கள் 105 பேர், வாசித்த கட்டுரைகள் 35. எங்க ஊர்க் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிடக் கூட்டம் வரும்!

1929 ஜனவரியில் அது சென்னையில் கூடியது. தலைவர் ஸி.வி.ராமன். கட்டுரை வாசித்தவர்களில் ஒருவர் பிரஸிடென்ஸி காலேஜ் மாணவர், வயது பதினெட்டு, பெயர் சந்திரசேகர். (தலைவர் அவருக்குச் சொந்தச் சித்தப்பா. சிபாரிசு என்று முணுமுணுக்க வேண்டாம். 1983-ல் நோபல் பரிசு கொடுத்தவர்களில் சித்தப்பா யாரும் கிடையாது!)

அந்தக் காலத்தில் இளசுகளுக்கென்று அங்கே தனிப் பரிசு இல்லை. 1981-ல்தான் 'இளம் விஞ்ஞானி' விருது வந்தது. வயது 32-ஐத் தாண்டக் கூடாது. ஆராய்ச்சி இந்தியாவில் நடந்திருக்க வேண்டும். கட்டுரை வேறெங்கும் அச்சாகியிருக்கக் கூடாது. முதலில் பெரியவர்கள் படித்துப் பார்ப்பார்கள். தேறியவர்களை மாநாட்டுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லி, கேள்வி கேட்டு, அப்புறம்தான் பரிசு. பிற்காலத்தில் அது 25,000 ரூபாய்.

பணம் கிடக்கட்டும். பெரிய ஊர், பெரிய காலேஜ், தெரிந்த புரொபஸர் என்று எதுவுமில்லாத ஒரு பையன், நாட்டின் பெரிய தலைகளுக்கு முன்னால் நின்று, 'நான் இதைக் கண்டுபிடிச்சேன்' என்று சொல்ல ஒரு மேடை இருந்தது பாருங்கள், அதுதான் விசேஷம்.

இருந்தது!

2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்தது 108-வது மாநாடு. அந்த வருஷம் செப்டம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பண விவகாரத்தில் ஒத்துவரவில்லை என்று ஆதரவை விலக்கிக்கொண்டது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2024 ஜனவரியில் நடக்க வேண்டிய 109-வது மாநாடு நடக்கவில்லை. அரசாங்கம் புதிதாக 'விக்யான் யுவா' விருது கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் 45 வயது வரைக்குமான விருது அது. தாடி நரைக்க ஆரம்பித்தவரோடு, மீசை சரியாக முளைக்காதவன் எப்படிப் போட்டி போடுவான்?

இதெல்லாம் எனக்கேன்? நான் ஃபைல் தள்ளுகிற ஆபீஸ் ஆசாமி. ஆனால் என் அக்கா பையன், மரவள்ளியில் வருகிற தேமல் நோயைப் பற்றி பி.ஹெச்டி. பண்ணுகிறான்.

எங்கள் பக்கத்துக்காரனுக்கு மரவள்ளி என்றால் சும்மா இல்லை. அது ஸேகோ ஆலைக்குப் போனால்தான் ஜவ்வரிசி. பக்கத்து ஏத்தாப்பூரில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் முதலில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளையும் வெள்ளையடித்துவிட்டது. எந்த மருந்துக்கும் சரியாக மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சைஸில் ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அது கதையை முடித்தது. 'கட்டுரை வாசிச்சு என்னத்தைக் கிழிச்சாங்க?' என்று கேட்கிற ஆசாமிகளுக்கு நான் சொல்கிற பதில் இந்தக் குளவிதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி பையன் போன் பண்ணினான்.

"மாமா, எனக்கு இளம் விஞ்ஞானி அவார்டாம். இ-மெயில் வந்திருக்கு. பன்னிரண்டாயிரம் ரூபாய்!"

"அடி சக்கை! எப்ப தர்றாங்க?"

"தர்றதில்லை மாமா. நான் கட்டணும்."

விசாரித்தால், அவன் கட்டுரை எதையும் அவர்களுக்கு அனுப்பவே இல்லை! 'தங்கள் மகத்தான பங்களிப்பைக் கண்டு வியந்தோம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பணம் கட்டினால் கேடயம், சால்வை, சர்டிபிகேட். போட்டோ தனி சார்ஜ். அதற்குள் எங்க அக்கா தெருவில் ஐந்து வீட்டுக்குச் சேதி சொல்லியாகிவிட்டது.

"கட்டிடுடா தம்பி, இன்டர்வியூவுல கேட்பாங்களே" என்று என்னிடமே சிபாரிசு. அக்கா சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவார்டு என்று ஒரு வரி இருந்தால், வேலை போட்டுக் கொடுப்பவர் அது பரிசா, பர்ச்சேஸா என்று எங்கே பார்க்கிறார்? நான் பையனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "உன் கட்டுரையை அங்கே யாராவது படிச்சாங்களா?"

கட்டவில்லை.

அதற்குப் பதில் கோயமுத்தூரில் ஒரு மாநாட்டுக்குப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு போனான். துணைக்கு நானும் லீவ் போட்டுவிட்டுப் போனேன். ஹால் நிறைய போஸ்டர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக ஒரு பையனோ பெண்ணோ. வருகிறவர்கள் நேராக காபிக்குப் போகிறார்கள். ஒரு மணி நேரம் இவனிடம் யாரும் நிற்கவில்லை. எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

கடைசியில் ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூக்கு உரசுகிற மாதிரி படித்தார்.

"தம்பி, இந்த நோய் வெள்ளை ஈயாலயும் வரும், நடற குச்சி மூலமாவும் வரும். நீங்க நட்ட குச்சியிலயே நோய் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

பையன் முழித்தான். குச்சியை அவன் சோதிக்கவில்லை. பெரியவர் கோபிக்கவில்லை. இருபது நிமிஷம் நின்று, எப்படிச் சோதிக்க வேண்டும் என்று போஸ்டரின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிக் காட்டிவிட்டுப் போனார். அப்புறம்தான் தெரிந்தது, பரிசுக்கு மார்க் போடுகிற கமிட்டியில் அவரும் ஒருவர் என்று!

முதல் பரிசு, நெல்லைப் பற்றிப் போஸ்டர் வைத்த ஒரு பெண்ணுக்குப் போனது. இவன் பலமாகக் கை தட்டினான். திரும்பும்போது பஸ்ஸில், பரிசு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சங்ககிரி தாண்டும் வரை குச்சியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

இப்போது லேபில் சோதித்த குச்சிகளை மட்டும் வைத்து மறுபடி நட்டிருக்கிறான். மரவள்ளி விளைய பத்து மாசம் ஆகும். அதுவரை தெருவில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அக்காவுக்குக் கண்டிப்பான உத்தரவு.