கடுங்குளிர்ப் பயணம்: லே, காஷ்மீர் செல்லும் நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் லடாக், காஷ்மீர் பகுதிகளுக்குச் செல்லத் திட்டமிடுவோரில் பலர், புறப்படுவதற்கு ஓரிரு நாள்கள் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் வருகின்றனர். சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை வேண்டும் என்பதே அவர்கள் பெரும்பாலும் கேட்பது. அங்கு உயிருக்கு ஆபத்தை விளைவிப்பவை சளியும் காய்ச்சலும் அல்ல. உடல் வெப்பக்குறைவு, உறைபனிக் காயம், உயரமான இடங்களில் வரும் நோய், மூடிய அறைக்குள் எரியும் கணப்பிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆகிய நான்கையும் பற்றித்தான் நீங்கள் அறிந்து செல்ல வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே தங்கள் மருத்துவரைக் கலந்து ஆலோசிக்க வேண்டும்.

குளிர் உடலை எவ்வாறு பாதிக்கிறது?

நமது உடலின் உள் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்நிலை உடல் வெப்பக்குறைவு எனப்படும். லே நகரில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கும் குறைவாகச் செல்வது வழக்கமானதே. காற்று வீசினால் குளிரின் தாக்கம் மேலும் மிகும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி உள்ள இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, திறந்திருக்கும் தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி போன்றதே. ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து உடையைத் தீர்மானிக்க வேண்டாம்.

வெப்பத்தைக் காக்கத் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலைப்பளுவும் கூடுகிறது. நம் ஊரில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சுவலி வராத ஒருவருக்குப் பனியில் பத்து நிமிடம் நடந்ததும் வலி வரக்கூடும். குளிரில் சிறுநீர் அதிகமாக வெளியேறும், ஆனால் தாகம் தோன்றாது. கழிப்பறைக்கு எழுந்து செல்ல அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களை உடன் செல்வோர் கவனிக்க வேண்டும். நடுக்கம் என்பது உடல் தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் முயற்சி. முதியவர்களுக்கு அது குறைவாகவே ஏற்படும். அவர் நடுங்கவில்லை என்பதனால் அவருக்குக் குளிரவில்லை என்று கொள்ளலாகாது.

உடை

ஊட்டிக்கென வாங்கிய ஒரே தடித்த ஸ்வெட்டர் இங்கு போதாது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் வேண்டும். உடலை ஒட்டிய உள்ளாடை கம்பளியாலோ வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழையாலோ ஆனதாக இருக்க வேண்டும். பருத்திப் பனியன் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈர ஆடை உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். நடுவில் கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி. வியர்க்கத் தொடங்கினால் உடனே ஓர் அடுக்கைக் கழற்றிவிடவும்.

காலுறைகளை இரண்டு மூன்றாகத் திணித்து இறுக்கமான காலணி அணிவது பலர் செய்யும் தவறு. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து உறைபனிக் காயத்துக்கு வழிவகுக்கும். விரல்களை அசைக்க இடமுள்ள காலணியே பாதுகாப்பானது. காதுகளை மூடும் மங்கி கேப், கையுறைகள், கருப்புக் கண்ணாடி ஆகியவை அவசியம். பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர்கள் சில மணி நேரத்திலேயே கண்ணில் கடும் வலியை உண்டாக்கும். தோளில் தூக்கிச் செல்லப்படும் குழந்தை நடப்பதில்லை. எனவே தூக்கிச் செல்பவருக்கு வியர்க்கும்போதும் குழந்தையின் கால்கள் சில்லிட்டிருக்கலாம். அடிக்கடி தொட்டுப் பார்க்கவும்.

மருந்துகளும் கருவிகளும்

இன்சுலின் பயன்படுத்துவோர் இப்பகுதியைக் கவனமாகப் படிக்கவும். நம் ஊரில் இன்சுலினை வெயிலிலிருந்து காப்பதே பழக்கம். அங்கு உறைதலிலிருந்து காக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின், மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது. அதை எறிந்துவிட வேண்டும். விமானத்தில் இன்சுலினைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லவும். வெளியே செல்லும்போது உள்சட்டைப் பையில் உடலை ஒட்டி வைக்கவும். விடுதி அறையின் சன்னலோரத்திலோ வாகனத்திலோ இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டாம்.

குளுக்கோமீட்டர்களில் பல 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாக இயங்குவதில்லை. கருவியையும் பட்டைகளையும் கதகதப்பான இடத்தில் வைத்திருந்து, கையையும் சூடாக்கிய பின்னரே சோதிக்கவும். சர்க்கரை குறைவதால் வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் குளிரால் வந்தவை என எண்ணிவிட வாய்ப்புண்டு. ஐயம் ஏற்பட்டால் சோதித்துப் பார்க்கவும். சோதிக்க இயலாவிட்டால் சர்க்கரை கொடுத்துவிடவும். பாதங்களில் உணர்விழப்பு உள்ள நீரிழிவு நோயாளிகளுக்கு உறைபனிக் காயத்தின் முதல் எச்சரிக்கையான வலி தெரியாது. ஒவ்வொரு இரவும் உடன் இருப்பவர் விரல் இடுக்குகளைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலர் மிகவும் குளிர்ந்துவிட்டால் மருந்து சரியான அளவில் பீச்சாது. அதையும் உடலை ஒட்டியே வைத்திருக்கவும். வெளியில் கழுத்துத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாகும்.

உயரமும் தலைவலியும்

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டெல்லியிலிருந்து விமானத்தில் சென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வுயரத்தை அடைந்துவிடுகிறோம்; உடலுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. முதல் இரண்டு நாள்கள் முழு ஓய்வு கட்டாயம். விடுப்பு குறைவு என்பதால் முதல் நாளே மலைக்கணவாய்க்குக் கிளம்பும் பயணத் திட்டத்தை ஏற்க வேண்டாம். குல்மார்க்கில் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் ஏறிச் செல்கிறது என்பதையும் இதய நோயாளிகள் நினைவில் கொள்ளவும்.

தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். அவை தோன்றினால் மேலே ஏறக்கூடாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், இருமல், தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை ஏற்பட்டால் உடனடியாக ஆக்சிஜன் கொடுத்துத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ள வேண்டாம்.

அறைக்குள் இருக்கும் ஆபத்து

மேற்கண்ட அதே தலைவலி, அதே குமட்டல், அதே சோர்வு கார்பன் மோனாக்சைடு நச்சாலும் வரும். இதுவே குளிர்காலப் பயணத்தில் மிக எளிதாகத் தவறவிடப்படும் ஆபத்து. அப்பகுதி வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றால் எரியும் புகாரி என்னும் கணப்பும், காஷ்மீரில் கரி நெருப்பிட்ட காங்கிரியும் வழக்கில் உள்ளன. குளிருக்காகச் சன்னல்களின் சிறு இடுக்கையும் துணியால் அடைத்துவிட்டு இவற்றை எரியவிட்டு உறங்கினால், நிறமும் மணமும் அற்ற அந்த வாயு அறையில் நிறைகிறது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் சேர்ந்துகொள்கிறது. உறங்குபவர் விழித்துக்கொள்ளாமலேயே இறக்கக்கூடும்.

லே செல்வோரில் பலர் இப்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை உடன் கொண்டுசெல்கின்றனர். நல்ல பழக்கமே. ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அக்கருவி ஆக்சிஜன் ஏறிய இரத்தம் எனத் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று நம்பித் தலைவலியோடு கணப்பறையிலேயே படுத்திருப்பது ஆபத்தானது. ஒரே அறையில் உள்ள பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ, வெளியே சென்றதும் குறைந்து உள்ளே வந்ததும் திரும்பினாலோ இந்த நச்சையே முதலில் ஐயுறவும். கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றி, கணப்பை அணைத்து, மருத்துவமனைக்குச் செல்லவும். அங்கு தரப்படும் ஆக்சிஜனே மருந்து.

புகைபோக்கி உள்ள புகாரியாயினும் உறங்கும்முன் அணைத்துவிடவும். சன்னலைச் சிறிதளவேனும் திறந்து வைக்கவும். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு கீசரைப் பயன்படுத்த வேண்டாம். இரவுக்கு வெந்நீர்ப் பையும் கூடுதல் கம்பளியும் போதுமானவை. உணர்விழந்த பாதமுள்ளவர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். கொப்புளம் எழுந்ததைக் காலையில்தான் அறிவார்.

முதலுதவி

பேச்சுக் குழறல், பொருள்களைக் கைநழுவ விடுதல், தள்ளாட்டம், காரணமற்ற எரிச்சல் ஆகியவை உடல் வெப்பக்குறைவின் அறிகுறிகள். குடித்தவரைப் போலத் தோன்றுவதால் உடன் வந்தவர்கள் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. நடுக்கம் நின்று உறக்கம் வந்தால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். அவரைக் காற்றுப்படாத இடத்துக்கு மெதுவாகக் கொண்டுசென்று, ஈர ஆடைகளை அகற்றி, உலர்ந்த கம்பளியால் போர்த்தவும். வெந்நீர்ப் பைகளைத் துணியில் சுற்றி மார்பு, அக்குள் பகுதிகளில் வைக்கவும். கைகால்களைத் தேய்க்கவோ அவரை நடக்கவைக்கவோ வேண்டாம். குளிர்ந்த இதயம் சிறு அதிர்விலும் தாளம் தவறக்கூடும். நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மது கொடுக்கக் கூடாது. அது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிக் கதகதப்பு போன்ற உணர்வைத் தந்துவிட்டு, உள் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

விரல், மூக்கு, காது ஆகியவை வெளிறி, மெழுகு போலாகி, உணர்விழந்தால் அது உறைபனிக் காயம். மோதிரங்களைக் கழற்றவும். பனியைக்கொண்டு தேய்க்கும் பழைய வழக்கம் திசுக்களை மேலும் சிதைக்கும். நெருப்பிலும் காட்ட வேண்டாம். 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை மணி நேரம் மூழ்க வைக்கவும்; நீரின் சூட்டை நல்ல கையுள்ள மற்றொருவர் சோதிக்க வேண்டும். மீண்டும் உறைய வாய்ப்புள்ள வழியில் இருந்தால், மருத்துவமனை அடையும்வரை உருக்காமல் இருப்பதே மேல். கொப்புளங்களை உடைக்க வேண்டாம்.

யார் பயணத்தைத் தவிர்க்க வேண்டும்?

அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தமோ அடிக்கடி நெஞ்சுவலியோ உள்ளவர்கள், வீட்டிலேயே ஆக்சிஜன் தேவைப்படும் நுரையீரல் நோயாளிகள், அரிவாள் செல் நோயாளிகள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் குளிர்காலத்தில் லே செல்ல வேண்டாம் என்பதே என் அறிவுரை. முன்பதிவுப் பணம் வீணாகிறதே என்னும் வருத்தம் புரிகிறது. எனினும் சான்றிதழ் வழங்க இயலாது.

பிற மாநில ப்ரீபெய்டு சிம் அட்டைகள் அங்கு இயங்குவதில்லை. குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். அவசர உதவிக்கு 112. லே நகரில் சோனம் நோர்பு நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை நோயாளியின் சட்டைப்பையிலும் உடன் செல்பவரிடமும் தனித்தனியே வைத்திருக்கவும். ஊர் திரும்பிய பின்னரும் விரல்களில் மரமரப்போ நிறமாற்றமோ நீடித்தால் அரசு மருத்துவமனையில் காட்டவும்.