லாப்ரடார் வளர்க்கிறீர்களா? அன்பை அளந்து போடுங்கள்!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் எங்கள் வடகரையிலும் காற்று மாறிவிடும். மேக்கரை மலையில் இருந்து ஈரக்காற்று இறங்கும். கூடவே என் வைத்தியசாலையில் மூட்டுவலி, இளைப்பு, சளி என்று கூட்டமும் ஏறும்.

போன சாரலில் ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். இரண்டு தெருவுக்கு ஆட்டோவா என்று நான் யோசிப்பதற்குள், பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியது ஒரு லாப்ரடார்.

"டாக்டர், முட்டுவலிக்குத் தைலம் வேணும்."

"யாருக்கு சார், உங்களுக்கா, அம்மாவுக்கா?"

"எங்களுக்கு இல்ல டாக்டர். இவனுக்கு!"

ஏழு வயது நாய். இடுப்பு எங்கே, வயிறு எங்கே என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பின்னங்கால் ஒத்துழைக்கவில்லை. "என்ன சாப்பிடுறான்?" என்று கேட்டேன். அந்த அம்மா ஆசையாக அடுக்கினார்கள். காலையில் 4 இட்லி, 11 மணிக்கு பிஸ்கட், மத்தியானம் கறிக்குழம்பு சாதம், சாயங்காலம் வடை, ராத்திரி பால் சாதம். இது தவிர வீட்டில் யார் சாப்பிட்டாலும் கடைசி வாய் இவனுக்கு. "பாவம் டாக்டர், எப்பப் பார்த்தாலும் பசியாவே இருக்கான்!"

நான் தைலம் கொடுக்கவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எனக்கு மனுஷ உடம்பைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாய்க்கு நாய் டாக்டர்தான் பார்க்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அவர்களை உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். அது எங்கள் வீட்டு மணியின் கதை.

மணி வந்தான்

2011-ல் என் மகன் இரண்டு மாதக் குட்டியாக அவனைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளையும் மஞ்சளும் கலந்த பஞ்சு உருண்டை. மகன் ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்தான். என் அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. "கூப்பிட வாய்க்கு வரணும்லா? மணின்னே கூப்பிடுவோம்" என்று முடித்துவிட்டார்கள். "வாசலோடு நிக்கட்டும், வீட்டுக்குள்ள விடாத" என்றும் உத்தரவு. பத்தே நாளில் அம்மாவின் பாயில் தலை வைத்துத் தூங்கினான்!

லாப்ரடார் வளர்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தோஷமெல்லாம் தெரியும். தண்ணீரைக் கண்டால் அதற்குத் தலைகால் புரியாது. அனுமன் நதிக்கரைக்குக் கூட்டிப்போனால் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் நடு ஆற்றில் இருப்பான். தோப்பில் விழுந்த தேங்காயைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைப்பான். வைத்தியசாலைக்கு வருகிறவர்களின் செருப்பையும் அப்படியே. மருந்து வாங்கித் திரும்புகிறவர் ஒற்றைச் செருப்போடு நிற்பார். ஆனால் அந்தச் செருப்பில் ஒரு பல் தடம்கூட இருக்காது.

இது அதன் பரம்பரைக் குணம். பெயர்தான் லாப்ரடார். இதன் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி, வலையும் மீனும் இழுத்த நாய்களின் வாரிசு இது. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய், சுட்ட பறவையைச் சேதாரம் இல்லாமல் கவ்வி வரும் வேட்டைத் துணையானது. 1903-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கு நடுவே சவ்வு, தண்ணீர் புகாத இரட்டை ரோமம், துடுப்பு மாதிரி தடித்த வால் எல்லாம் அந்தப் பிழைப்புக்கு அமைந்தவை.

பசி அடங்காத வயிறு

அதோடு இன்னொன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. தீராத பசி!

2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்லும் வேலையில் ஒரு மரபணுவுக்குப் பங்கு உண்டு. அவர்கள் பார்த்த லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. அப்படிப்பட்ட நாய்க்குச் சாப்பிட்ட பிறகும் சாப்பாட்டின் மேலேயே கண் இருக்கும்.

ஆகவே லாப்ரடார் உங்கள் தட்டைப் பார்த்து எச்சில் விட்டால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம் இல்லை. அதன் கண் சொல்வதை நம்பாதீர்கள். அதன் இடுப்பைப் பாருங்கள்.

ஊருக்கு உபதேசம்

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த வரைக்குமாவது செய்தேனா? அதுவும் இல்லை.

மணிக்கு ஆறு வயதில் அரிசி மண்டித் தராசில் ஏற்றினோம். 44 கிலோ! "அரை மூட்டைக்கு மேல இருக்கானே டாக்டரே!" என்று மண்டி அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். கால்நடை டாக்டர் சிரிக்கவில்லை. "பத்து கிலோ குறையணும்" என்றார்.

தினமும் இருபது பேருக்குப் பத்தியம் எழுதுகிறவன் நான். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தில் அளவறிந்து உண்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று மேடையில் பேசுகிறவன். வீட்டில் என்ன நடந்தது? என் மனைவி சாதத்தைக் குறைத்தாள். அம்மா யாருக்கும் தெரியாமல் தோசை போட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாமல் நான் முறுக்கு போட்டேன். ஆளாளுக்கு ஒரு வாய்தான். மணிக்கு அது நாலு வேளைச் சாப்பாடு!

எட்டு வயதில் வாசல் படி ஏறத் திணறினான். ஒன்பதில் ஆற்றங்கரை வரை வந்து, இறங்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். 2021 ஐப்பசி மழையில், பத்து வயதில், போய்விட்டான். தோப்பில் தென்னை மூட்டில் புதைத்தோம். வாசலோடு நிக்கட்டும் என்று சொன்ன அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த இரண்டு வருஷம்

அதற்குப் பிறகுதான் ஒரு ஆய்வைப் படித்தேன். படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் பியூரினா என்ற நாய் உணவுக் கம்பெனி, 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தது. ஒரே ஈற்றுக் குட்டிகள். ஜோடியில் ஒன்று சாப்பிடும் அளவில் கால் பங்கு குறைத்து இன்னொன்றுக்குக் கொடுத்தார்கள். ஆயுள் முழுக்க இப்படியே. 2002-ல் முடிவு வெளியானது. நிறையச் சாப்பிட்ட கூட்டத்தின் நடுத்தர ஆயுள் 11.2 வருஷம். குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்துக்கு 13 வருஷம். மூட்டு தேய்ந்து சிகிச்சை தேவைப்பட்டதும் ஒல்லி நாய்களுக்குச் சுமார் 3 வருஷம் தள்ளித்தான்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! மருந்து இல்லை, ஊசி இல்லை. தட்டில் கால் பங்கு குறைத்ததற்குக் கிடைத்த பலன். மணிக்கும் அது கிடைத்திருக்குமோ என்னவோ. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

எப்படி அளப்பது?

* நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா, அந்த மாதிரி இருந்தால் சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது. மேலே இருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும்.

* வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோ, பெண் நாய் 25 முதல் 32 கிலோ இருக்கலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

* ஒரு நாள் சாப்பாட்டைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். யார் ஆசைப்பட்டுப் போட்டாலும் அதிலிருந்துதான். எவ்வளவு என்பதைக் கால்நடை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை போதும்.

* நடை அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். இரட்டை ரோமம் போர்த்திய குளிர்தேசத்து நாய் இது. வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தார்ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

மூலிகைக்காரன் சொல்லும் எச்சரிக்கை

"சித்த மருந்துதானே, கெடுதல் இல்லை" என்று நம் வீட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்காதீர்கள். உண்ணி போக வேண்டும் என்று கற்பூரம் கலந்த எண்ணெய் தடவுகிறார்கள். நாய் நக்கினால் கற்பூரம் விஷம். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையும் ஆபத்து. சாம்பார் வெங்காயம், பூண்டு, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

சாரல் காலத்து ஈரத்தில் உண்ணியைத் தினமும் தேடி எடுங்கள். ரத்தத்தில் கிருமியை ஏற்றிவிடும். நாய் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய பிரச்னை என்றால் நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மிக முக்கியமான ஒன்று. வெறிநோய்த் தடுப்பூசியை நாய்க்கு மூன்று மாதத்தில் ஆரம்பித்து, டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல் போடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். முதல் நாளில் ஆரம்பித்து, டாக்டர் குறித்துக் கொடுக்கும் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் தேவைப்படும். வெறிநோய் வந்துவிட்டால் எந்த மூலிகையும் காப்பாற்றாது. முப்பது வருஷமாக மூலிகையோடு வாழ்கிறவன் இதைச் சொல்கிறேன். நம்புங்கள்!

பிரிவு வரும்

எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் லாப்ரடாருக்கு ஆயுள் ஏறக்குறைய 12 வருஷம். பள்ளிக்கூடம் சேரும் வயதில் உங்கள் பிள்ளை கொஞ்ச ஆரம்பித்தால், காலேஜ் போகும் வயதில் அழ வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். வயதாகிவிட்டது, முடி கொட்டுகிறது என்று ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த எண்ணம் இருந்தால் குட்டியே வாங்காதீர்கள்.

போன பிறகு, "நாய்தானே, வேற வாங்கிக்கலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். "எங்கேயோ ஓடிப்போச்சு" என்று பொய்யும் வேண்டாம். இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். கூட உட்கார்ந்து அழுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை இன்னும் கவனியுங்கள். நாள் முழுக்கத் துணைக்கு இருந்த உயிர் அது. ஒரு வாரத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் பேசுவதில் வெட்கம் இல்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு வாத்தியார் தம்பதி பேசாமல் போனார்கள். கோபமோ என்று நினைத்தேன்.

இந்தச் சாரலுக்கு மறுபடி வந்தார்கள். ஆட்டோவில் அல்ல, நடந்து! முன்னால் அவன், பின்னால் இழுபட்டுக்கொண்டு வாத்தியார். எடை 8 கிலோ குறைந்திருந்தது. இடுப்பு தெரிந்தது.

"டாக்டர், தைலம் வேணும்" என்றார் வாத்தியார், தோளைப் பிடித்துக்கொண்டே.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான். இவன் இழுக்கிற இழுப்புல தோள்பட்டை போச்சு!"

இந்த முறை சந்தோஷமாகத் தைலம் எடுத்துக் கொடுத்தேன்.